குரலுக்கு எண்பது, விரலுக்கு இருபது

ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர் மூச்சு வாங்கியபடி, "லிஃப்ட் கிடையாதாம்மா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்தவர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்பதை எந்த வாயால் சொல்வது? தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடு இரண்டே அறை. உன் அண்ணனுக்குப் பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை. அவரை வைத்துக்கொண்டே "இன்னிக்கு இப்படிப் பண்ணார், நேத்து அப்படிப் பண்ணார்" என்று உன்னிடம் ஒப்பிப்பது நன்றாகவா இருக்கிறது? போன மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தேன். மெல்ல எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அதனால் அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். நீயும் அச்சக முகவரிக்கே எழுது.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. நடக்கிறார், காலை இழுத்து இழுத்து. வாயில் மிஞ்சியது "ஆமா", "போ", அப்புறம் உன் பேராசிரியர் முன்னால் சொல்ல முடியாத ஒரு வசவு. அவ்வளவுதான். பசிக்கிறதா என்றாலும் ஆமா, வயிறு நிறைந்துவிட்டதா என்றாலும் ஆமா.

உன் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. எட்டுப் படக்கட்டம். அவர் குரல் கொடுத்துக்கொண்டே ஒரு கட்டத்தைத் தொட்டால், அது செய்தி வாசிப்பவர் குரலில் கணீரென்று பேசுகிறது. முதல் நாள் "காப்பி போடவாங்க?" என்று கேட்டேன். "ஆம். எனக்குச் சம்மதம்" என்றது பெட்டி. பதினெட்டு வருடத்தில் உன் அண்ணன் வாயிலிருந்து "எனக்குச் சம்மதம்" என்று நான் கேட்டதே இல்லை, கல்யாணத்தன்றுகூட. டிவியில் யாரோ கேள்வி கேட்டாலும் அது பதில் சொல்லிவிடுகிறது. நேற்று ஒரு நாடகத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நம் வீட்டுப் பெட்டி சம்மதம் சொல்லிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். நீ வரவில்லை. இப்போது பெட்டி வந்திருக்கிறது. நன்றிதான் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

அண்ணி

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்திலேயே பிரித்துப் படித்தேன். மாப்பிள்ளை பார்த்த கதையைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது என் பிழை. ஒலிவாங்கிக்கு அண்ணன் குரலைத் தனியாகப் பழக்கியிருக்க வேண்டும். டிவியை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், தயவுசெய்து.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு இரண்டு வழியில் செய்தி வருகிறது. ஒன்று அண்ணனின் குரல். இன்னொன்று அவர் விரல் திரையில் எந்தக் கட்டத்தில் படுகிறது என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அவர் சொல்ல வந்தது இதுதான் என்று அது முடிவெடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குரலுக்கு நூற்றுக்கு எண்பது, விரலுக்கு இருபது என்று மதிப்பு வைத்திருக்கிறேன். முதலில் பாதிக்குப் பாதிதான் வைத்தேன். இடது கை பழக்கமில்லாத கை, நடுங்குகிறது. முதல் சோதனையில் தண்ணீர் கேட்ட ஒருவருக்குக் "கழிப்பறை" என்று அறிவித்துவிட்டது. அவர் மனைவி அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு விரலைக் குறைத்தேன். தவிர, எட்டு வருடமாக நான் செய்வது பேச்சறிதல், இயந்திரத்துக்குப் பேச்சைப் புரியவைப்பது. குரலைத்தான் எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் திரையின் ஓரத்தில் "சரியா, தவறா?" என்று கேட்கும். அதை நீங்கள் அமுக்க வேண்டும். பெட்டி எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறது என்று நாங்கள் மதிப்பெண் போடுவது அதை வைத்துத்தான். அண்ணனையும் சேர்த்துப் பன்னிரண்டு வீடுகளில் இது ஓடுகிறது. மே மாத மாநாட்டில் முடிவுகளைப் படிக்கிறேன். அண்ணன் குரலையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா என்று போனில் அவரிடமே கேட்டேன். "ஆமா" என்றார்.

வராததைப் பற்றி. என்னென்னவோ காரணம் எழுதி அடித்துவிட்டேன். ஆய்வேடு, விடுப்பு, எல்லாம் உண்மைதான். ஆனால் நீங்களும் மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னீர்கள். மூன்று நாள், அண்ணி. நான் இங்கே ஒரு பிறந்தநாள் விருந்தில் பாடிக்கொண்டிருந்தேன்.

சரி, விடுங்கள். டிவியை அணையுங்கள்.

சின்னவள்

*

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

மூன்று நாள் சொல்லாதது தப்புதான். முதல் நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரிந்தது, ஆனால் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள், ஏன் இரண்டு நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயந்தேன். இதை இப்போதுதான் யாரிடமாவது சொல்கிறேன்.

உன் கடிதத்தில் ஒற்றுப்பிழை நான்கு. பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

இப்போது விஷயம். என்னை மெய்ப்புப் பிரிவுக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். பதினேழு வருடம் மற்றவர்கள் விட்ட புள்ளியையும் கொம்பையும் தேடித் தேடிப் போட்டவள் நான். பாடப்புத்தகம் அச்சாகும் புது அச்சகம், ஆறு பேர் எனக்குக் கீழே. ஆனால் அது கடலோர ஊரில். ரயிலில் ஐந்து மணி நேரம். இங்கிருந்து போய்வர முடியாது. வீட்டையே மாற்ற வேண்டும்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல பேசிட்டு ஒரு வாரத்துல சொல்லுங்கம்மா" என்றார். வீட்டில் பேசுவது! எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஆனால் அதற்குத்தான் பெட்டி இருக்கிறதே. டிவியை அணைத்தேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அங்கே கிடைக்கும் வீடு தரைத்தளம், படி ஏற வேண்டாம், கொஞ்ச தூரத்தில் கடல், பேச்சுப் பயிற்சிக்கு அங்கேயும் ஆள் இருக்கிறார்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "வீடு மாறலாமாங்க?" என்றேன்.

"ஆம். எனக்குச் சம்மதம்" என்றது பெட்டி.

மூன்று நாளில் எட்டு முறை கேட்டேன். ஏன் எட்டு முறை என்று கேட்காதே. எட்டு முறையும் அதே பதில். மேலாளரிடம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏப்ரலில் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று. புது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இந்த வயதில் ஆசையாக இருக்கிறது. சிரிக்காதே.

அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

சிரிக்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினேன். தலைவி! இனி என் ஒற்றுப்பிழைகளை உங்களுக்குக் கீழே இருக்கும் ஆறு பேரும் திருத்தட்டும்.

இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது, கொஞ்சம் சுயநலமானது. பன்னிரண்டு வீடுகளில் பதினொன்றில் பெட்டியிடம் தண்ணீர், வலி, விளக்கை அணை என்றுதான் கேட்கிறார்கள். நம் வீட்டில்தான் ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அதன் வழியாகச் சொல்லியிருக்கிறார். பேராசிரியரிடம் சொன்னேன். "இதையே முதல்ல வச்சுப் பேசு. அந்தக் குரலையும் போட்டுக் காட்டு, சபை நிமிர்ந்து உட்காரும்" என்றார். பெயர் இல்லாமல்தான் போடுவோம். அண்ணனின் "ஆமா", அதைத் தொடர்ந்து பெட்டியின் "எனக்குச் சம்மதம்". உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?

மொத்த மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வருகிறது. இந்தத் துறையில் அது பெரிய எண்.

அண்ணன் தன் கருவிப் பெட்டியை என்ன செய்வதாக இருக்கிறார்? எடுத்துக்கொண்டு போவாரா? பெட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

சின்னவள்

*

மார்ச் 6

சின்னவளுக்கு,

கேட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் நடையாகச் சாமான்களை அனுப்ப இரண்டு ஆட்களை வரச்சொல்லியிருந்தேன். அலமாரி, புத்தகங்கள், அவருடைய கருவிகள் இருக்கும் இரும்புப் பெட்டி. காலையிலிருந்தே அவர் என் பின்னாலேயே வந்தார். நான் கட்டிய முடிச்சையெல்லாம் இடது கையால் அவிழ்த்தார். விளையாட்டு என்று நினைத்தேன், இல்லை, நினைத்துக்கொண்டேன். ஆட்கள் இரும்புப் பெட்டியைத் தூக்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது? நீங்கதானே சரின்னீங்க?" என்றேன்.

"ஆமா" என்றார். தலை இடமும் வலமுமாக ஆடுகிறது.

"அப்ப வழி விடுங்க!"

"ஆமா! ஆமா! ஆமா!" கத்துகிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, தலை இல்லை இல்லை என்று ஆடுகிறது, வாய் ஆமா ஆமா என்கிறது. வந்த ஆட்களில் பெரியவர் இரும்புப் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, "நாங்க இன்னொரு நாள் வர்றோம்மா" என்றார். அவர்கள் வெளியே போகவும் அவர் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது. விட்டார். அவர்கள் போனதும் திரும்பவும் தாழ்ப்பாள்.

அதற்குப் பிறகு உன் பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். வாளியில் தண்ணீர் பிடித்தார். பெட்டியைக் கவிழ்த்து உள்ளே வைத்து, மிதக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல் வைத்தார். அவர் மெக்கானிக் அல்லவா, எறிந்து உடைக்கவில்லை. எப்படிச் செய்தால் திரும்பப் பிழைக்காது என்று தெரிந்து செய்தார்.

உன் பெட்டி பொய் சொல்லியிருக்கிறது. எட்டு முறை. அதை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன், வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னேன். நீ அதைச் சபையில் போட்டுக் காட்டி நிமிர்ந்து உட்கார வை.

அண்ணி

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணி,

பெட்டி தண்ணீரில் போவதற்கு முன்பே பதிவுகளை எனக்கு அனுப்பியிருக்கிறது. வாராவாரம் தானாகவே அனுப்பும். நான் மொத்த எண்ணிக்கையைத்தான் பார்த்துவந்தேன், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று திறந்தேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். எட்டு முறையும் அண்ணன் "ஆமா" என்றுதான் சொல்லியிருக்கிறார். பெட்டி அதைச் சரியாகக் கேட்டிருக்கிறது. அவர் விரல் ஏழு முறை சிவப்புக் கட்டத்தில் இருந்திருக்கிறது. "இல்லை" என்ற கட்டம். ஒருமுறை திரைக்கு வெளியே. நடுக்கம் இல்லை, அண்ணி. நான் அளந்து பார்த்தேன். ஏழாவது முறை நான்கு விநாடி அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கிறார். வாய் ஆமா என்றது, விரல் இல்லை என்றது, நான் குரலுக்கு எண்பது என்று எழுதி வைத்திருந்தேன். அதனால் பெட்டி சம்மதம் என்றது. பெட்டி பொய் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னது.

இந்த நோயில் ஆமாவும் இல்லையும் வாயில் இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் உங்களிடம் முதல் மாதமே சொன்னார், நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அதை என் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நான்காம் பக்கத்தில் எண்பதுக்கு இருபது என்று போட்டிருக்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டையும் காதில் போட்டுக் கேட்டேன். எட்டாவது "ஆமா"வைக் கேட்ட எவருக்கும் அது "வேண்டாம்" என்று புரியும். பெட்டிக்கு நான் சொல்லை மட்டும்தான் கேட்கப் பழக்கியிருக்கிறேன், சொல்லும் விதத்தைக் கேட்க இல்லை.

மற்ற பதினொரு வீட்டுப் பதிவுகளையும் திறந்தேன். இன்னும் நான்கு பேருக்கு இதே கதை. ஒரு அம்மா மூன்று வாரமாக வலி இல்லை இல்லை என்று கட்டத்தைத் தொட்டிருக்கிறார், அவருக்கு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு உடனே போன் செய்துவிட்டேன். நான்கு வீட்டுக்கும் செய்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எட்டு முறையும் "சரி" அமுக்கப்பட்டிருக்கிறது. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் அப்படித்தான் அமுக்கியிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்று அப்படி வந்த எண்தான்.

பெட்டி இல்லாமலே அண்ணனிடம் திரும்பக் கேளுங்கள். பயிற்சியாளரிடம் பேசினேன். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு பக்கமும் கேட்கச் சொல்கிறார். "போகலாமா?" என்று ஒருமுறை, கொஞ்ச நேரம் கழித்து "போகாமல் இருக்கலாமா?" என்று ஒருமுறை. பதிலுக்கு இரண்டு அட்டை போதும். வாயைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அது பதில்.

இன்னொரு கேள்வியையும் எனக்காகக் கேட்க வேண்டும். அவர் குரலை ஆய்வில் வைத்துக்கொள்ளலாமா என்று. நான் வாங்கிய சம்மதமும் அந்த "ஆமா"தானே.

வராததற்கும், பெட்டியை அனுப்பியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். எந்தத் தப்புக்கு எந்த மன்னிப்பு என்று பிரிக்கத் தெரியவில்லை.

சின்னவள்

*

மார்ச் 26

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாறு நாள் ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

விரலை நானும் பார்த்தேன்.

முதல் முறை கேட்டபோதே பார்த்தேன். சிவப்பில் இருந்தது. கை தவறிப் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் இரண்டாவது முறை கேட்டேன். அப்போதும் சிவப்பு. பெட்டியோ கணீரென்று சம்மதம் என்கிறது. மூன்றாவது, நான்காவது. விரல் பச்சைக்குப் போய்விடாதா என்றுதான் எட்டு வரை கேட்டேன். போகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் "சரி" அமுக்கினேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும், அதற்கு ஒரு குரல் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் கிடைத்தது. அவர் குரல் இல்லாவிட்டால் என்ன, நல்ல குரல்.

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. கண் முன்னால் கிடந்த பிழையை எட்டு முறை விட்டுவிட்டு, பெட்டி பொய் சொன்னது என்று உனக்கு எழுதினேன். அதற்கு நீ எனக்கு மன்னிப்புக் கடிதம் போட்டிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது.

இதை அவரிடமும் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க வேணாம்னு காட்டினது எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சேதான் பண்ணேன்." அவர் இடது கையால் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார். ஒரு பக்கம் கோணலாக.

அப்புறம் கேட்டேன். அச்சு அட்டையில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. மூன்று நாள், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும்.

"வீட்டை மாத்தலாமா?" சிவப்பு. "இங்கேயே இருக்கலாமா?" பச்சை. சரி, பொருந்துகிறது. வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பயிற்சியாளர் சொன்ன முறைப்படி அதையும் கேட்டுவிடுவோம் என்று, "அப்ப நான் அந்த வேலைக்குப் போகலைன்னு சொல்லிடவா?" என்றேன். சிவப்பு. தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்து, சாயங்காலம் திருப்பிக் கேட்டேன். "நான் அந்த வேலைக்குப் போகவா?" பச்சை அட்டையை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நான் போக வேண்டும், அவர் இங்கே இருப்பார். இப்படி ஒரு பதில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை, அதனால் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை அனுப்பிட்டு நீங்க தனியா என்ன பண்ணப் போறீங்க? ஒரு டீ போட்டுக் குடிக்க முடியுமா உங்களால?" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்தார். அடுப்படிக்குப் போனார். நான் பின்னால் போனேன், "போ" என்றார். அது சரியான போ. வாசல்படியிலேயே நின்றேன். பாத்திரத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தார். டப்பா மூடியைப் பல்லால் திறந்தார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பாதி மேடையில் கொட்டியது. ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பதினாறு மாதத்தில் ஒருநாள்கூட அவரை அடுப்புப் பக்கம் நான் விட்டதில்லை.

டீ கசந்தது. முழுக்கக் குடித்தேன்.

உன் கேள்வியையும் கேட்டேன். அவர் குரலைச் சபையில் போட்டுக் காட்டலாமா? சிவப்பு. காட்டாமல் இருக்கட்டுமா? பச்சை. ஆய்வில் எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று நானே சேர்த்து ஒன்று கேட்டேன், உனக்காகக் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தேன். சிவப்பு. மன்னித்துக்கொள்.

வீட்டுக்காரர் இன்னும் யாருக்கும் வீட்டைக் காட்டவில்லையாம். "இருந்துக்கங்கம்மா" என்றார்.

அண்ணி

*

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணி,

அண்ணனின் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டேன். ஐநூற்றுப் பன்னிரண்டு. நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கலாமா என்று கை போயிற்று. கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றது அதற்கும் சேர்த்துத்தான்.

பேராசிரியரிடம் போனேன். "ஒருத்தர்தானே, அவரை எடுத்துட்டு மிச்சப் பதினொண்ணை வச்சுப் படி" என்றார். "ஒருத்தர் இல்ல சார், அஞ்சு பேர்" என்றேன். "அப்ப தொண்ணூத்தொண்ணு?" என்றார். "அது வீட்டுல இருந்தவங்க மனசுல இருந்த எண்ணு சார்" என்றேன். இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். மாநாட்டில் எனக்கு இருபது நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், எங்கே தவறினோம் என்று சொல்ல.

எண்பது இருபதை எடுத்துவிட்டேன். இப்போது குரலும் விரலும் வேறு வேறு சொன்னால் பெட்டி எதையும் முடிவு செய்யாது. வாயை மூடிக்கொண்டு, கேள்வியை மறுபக்கமாகக் கேட்கச் சொல்லித் திரையில் எழுதிக் காட்டும். "சரியா தவறா" என்று வீட்டாரைக் கேட்பதையும் நிறுத்திவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படி வைத்தால் அது நூற்றுக்கு அறுபத்துநான்கு முறைதான் பேசுகிறது. மற்ற நேரம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் இயந்திரத்துக்காக யார் எனக்கு வேலை தருவார்கள் என்று தெரியவில்லை. அந்த நான்கு வீட்டில் மூன்று பேர் மட்டும் புதியதை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

நீங்கள் எழுதியதை நான் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று. நீங்கள் விரலைப் பார்த்துவிட்டு "சரி" அமுக்கினீர்கள். நான் விரலைப் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டாம் என்று இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்தேன். நம் இரண்டு பேரில் யார் பெரிய ஆள் என்று போட்டி வேண்டாம்.

ஜூனில் மூன்று வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். நீங்கள் அங்கே இருக்கும் நாட்களில் அண்ணனோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். பெட்டி கொண்டுவரமாட்டேன். நான் வரலாமா என்று அவரிடம் கேளுங்கள். இரண்டு பக்கமும்.

சின்னவள்

*

மே 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இது புது அச்சகத்தின் தாள். தலைப்பில் தொலைபேசி எண்ணிலேயே ஒரு பிழை இருந்தது. வந்த அன்றே நிறுத்தித் திருத்தச் சொன்னேன். ஆறு பேரும் அன்றிலிருந்து என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

திங்கள் காலை முதல் ரயில், வெள்ளி மாலை திரும்ப ரயில். இங்கே ஒரு அறையில் தங்குகிறேன். கடலைப் பார்க்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. வீட்டில் காலையும் மாலையும் ஒரு அம்மா வந்துபோகிறார், முன்னே ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவர். கறார். "உங்க வீட்டுக்காரர் எல்லாத்துக்கும் ஆமாங்கிறார்மா, நான் நம்பறதில்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இவர் போதும் என்று நினைத்தேன்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். "ஜூன்ல சின்னவ வரலாமா?" பச்சை. "வராம இருக்கட்டுமா?" அட்டையை எடுக்கவில்லை, என்னை அடிக்கப்போவது போலக் கையை ஓங்கினார். இதைப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டேன். வா. ஆனால் அவருக்காக எதையும் நீ செய்துகொடுக்காதே, சட்டைப் பொத்தான் உட்பட. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குப் போட்டு முடிக்கிறார். உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம். பழகிக்கொள்.

உன் ஐந்து நிமிடம் எப்படிப் போயிற்று என்று மாநாடு முடிந்ததும் எழுது. அவருக்கும் எழுது. கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். இனிமேல் மறைத்து எழுத ஒன்றும் இல்லை, வீட்டு முகவரிக்கே போடு.

முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது ஒன்று நடந்தது. கதவைத் திறந்தால் முன்னறை வேறு மாதிரி இருக்கிறது. கட்டிலைச் சுவர் ஓரத்திலிருந்து ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டிருக்கிறார். கனமான கட்டில், ஒரு கை, ஒரு கால். தரை முழுக்கக் கீறல். வார்டு அம்மா இரண்டு நாளாகத் தடுத்துப் பார்த்தாராம், முடியவில்லையாம். எனக்கு எத்தனையோ வாயில் வந்தது. ஜன்னல் காற்று மார்பில் அடிக்கும், மழை உள்ளே வரும், விழுந்திருந்தால் என்ன ஆவது.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்றேன்.

"ஆமா" என்றார், மெத்தையைத் தட்டிக்கொண்டே.

பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரிகிறது. பஸ் நிற்கும் இடம், அதிலிருந்து இறங்கி நடந்து வருகிறவர்கள் எல்லோரும். நான் வந்ததையும் அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார்.

கட்டில் அங்கேயே இருக்கிறது. நீ வரும்போது உன் பாயை எங்கே போடுவது என்று அவரிடம் கேட்டுக்கொள்.

அண்ணி